ஆறு மாதக் கெடு: கொல்லிமலைப் பேச்சும் முனைவர் பட்டமும்

‘முன்னேற்றம்’ என்ற சொல்லை அரசாங்கம் இரண்டு பேருக்குப் பயன்படுத்துகிறது. ஒருவர் மலையில் இருக்கிற ஆதிவாசி. இன்னொருவர் பல்கலைக்கழகத்தில் இருக்கிற ஆய்வு மாணவர். ஆதிவாசி முன்னேறிவிட்டாரா என்று அதிகாரி அறிக்கை எழுதுவார். ஆய்வு மாணவர் முன்னேறிவிட்டாரா என்று நெறியாளர் அறிக்கை எழுதுவார். முன்னேற வேண்டியவர் கையில் பேனா இல்லை என்பது இரண்டுக்கும் பொது. மலையில் பிறந்த பிள்ளையோ சேரியில் பிறந்த பிள்ளையோ முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிறபோது இந்த இரண்டு அறிக்கையும் ஒரே தலையில் வந்து இறங்குகின்றன.

நான் மொழியியல் படித்தவன். கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலம் பக்கத்துச் சேரி ஒன்றில் பிறந்தவன். ஆறு மாதத்துக்கு ஒரு அறிக்கை, இத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும், இத்தனை பாடம் தேற வேண்டும், இத்தனை கட்டுரை வெளியிட வேண்டும் என்கிற விதிகள் எல்லோருக்கும் சமம் என்று சொல்கிறார்கள். இந்த விதிகள் எங்கிருந்து வந்தன, யாருடைய வாழ்க்கையை அளவுகோலாக வைத்து எழுதப்பட்டன என்று கொஞ்சம் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அந்தச் சமத்துவத்தின் சாயம் வெளுத்துவிடும்.

முதலில் மலை. வெளியில் இருப்பவர்கள் கொல்லிமலையை வல்வில் ஓரியை வைத்தும் 70 கொண்டை ஊசி வளைவுகளை வைத்தும் அறிவார்கள். அங்கே வாழ்கிற மலையாளிகள் கேரளத்து மலையாளிகள் அல்ல. மலையில் வாழ்வதால் மலையாளிகள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்பது அவர்கள் சொல்லிவருகிற பூர்வீகக் கதை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு என்று மலை முழுவதும் நாடு நாடாகப் பிரிந்து கிடக்கிறது. சாமையும் திணையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் மரவள்ளியும் மிளகும் காப்பியும் அன்னாசியும் ஏறிவிட்டன. சேலம் மாவட்டத்தில் இருந்த மலை 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். சேர்வராயன், பச்சைமலை, கல்வராயன், சவ்வாது மலைகளையும் சேர்த்தால் அதில் மலையாளிகள் மட்டும் சுமார் மூன்றரை லட்சம். மாநிலத்தில் மிகப்பெரிய பழங்குடி அவர்கள்தான். பழங்குடியினருக்கென்று தனியாக 1 சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டில் 1990இல்தான் வந்தது.

ஒதுக்கீடு வருவதற்கு இருபது வருடம் முன்னாடியே மொழியியல் மலையேறிவிட்டது. கி. கருணாகரன் கொல்லிமலைத் தமிழ் வழக்கை ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதிய நூலை 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அந்தக் காலம் அப்படிப்பட்டது. 1950களின் நடுவில் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் பண உதவியோடு புனே டெக்கான் கல்லூரி கோடைகால மொழியியல் பள்ளிகளை நடத்தியது. 1963இல் பல்கலைக்கழக மானியக் குழு டெக்கான் கல்லூரியையும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் மொழியியல் உயராய்வு மையங்களாக ஏற்றது. தெ.பொ. மீனாட்சிசுந்தரனார், ச. அகத்தியலிங்கம் போன்றவர்கள் வளர்த்த அந்தத் துறையிலிருந்து வட்டாரப் பேச்சுகள், பழங்குடி மொழிகள் பற்றிய இலக்கணங்கள் வரிசையாக வந்தன. நரிக்குறவர் பேசுகிற வாக்ரிபோலி பற்றி கோ. சீனிவாச வர்மா எழுதிய நூல் 1970இல் வந்தது.

உழைப்பில்லாமல் இந்த நூல்கள் வரவில்லை. எழுத்தில் ஏறாத பேச்சைப் பேச்சாகவே மதித்துக் கேட்டது மொழியியல்தான். தமிழ்த் துறைகள் ‘கொச்சை’ என்று மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். நரிக்குறவர் மொழிக்கு இலக்கணம் 1970இல் வந்துவிட்டது. தமிழ்நாட்டு நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கிற சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். நடுவில் 52 வருடம். மொழி பல்கலைக்கழகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பேசுகிறவர்கள் சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

இந்த ஆய்வேடுகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. ஒலியனியல், உருபனியல், தொடரியல், கடைசியில் சொற்பட்டியல். முகப்பிலோ பின்னிணைப்பிலோ தகவலாளிகளின் அட்டவணை. வயது, பால், ஊர், தொழில், கல்வி. ‘கல்வித் தகுதி: இல்லை’ என்று அந்தக் கட்டத்தில் எழுதுவோம். யாருக்கு? நமக்கு ஒரு மொழியையே சொல்லிக்கொடுத்தவருக்கு. 1957இல் நோம் சோம்ஸ்கியின் நூல் வந்த பிறகு, ஒரு மொழியைப் பிறந்தது முதல் பேசுகிறவரின் உள்ளுணர்வே இலக்கணத்துக்குச் சான்று என்ற கருத்து உலகம் முழுக்கப் பரவியது. அப்படியானால் கொல்லிமலைப் பேச்சுக்கு முதல் தரமான மொழியியலாளர் கொல்லிமலையில் பிறந்தவர்தானே? கோட்பாட்டில் அப்படித்தான். நடைமுறையில் அவர் அட்டவணையின் நான்காவது வரிசையில் இருப்பார்.

அந்த வரிசையிலிருந்து எழுந்து வந்து ஆய்வாளர் நாற்காலியில் உட்கார ஒருவர் முயன்றால் என்ன நடக்கும்? அங்கேதான் கெடு வருகிறது.

ஆய்வுப் பட்டத்தின் கெடு என்றால் என்ன என்று நமக்கு முதலில் பாடம் நடத்தியது அம்பேத்கரின் வாழ்க்கை. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். உதவித்தொகைக்கு மூன்று வருட எல்லை. 1916இல் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். தொகை நின்றது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. நான்கு வருடத்துக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று லண்டனில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் கப்பலேறினார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திக் காசு சேர்த்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியோடும் கடனோடும் 1920இல் மறுபடி லண்டன் போனார். 1923இல் டி.எஸ்சி. பட்டம். கொலம்பியாவின் முனைவர் பட்டம் என்ன ஆயிற்று? ஆய்வேட்டை அச்சிட்டுப் படிகளை ஒப்படைத்தால்தான் பட்டம் என்பது அங்கிருந்த விதி. நூல் 1925இல் அச்சேறியது. பட்டம் 1927இல் கைக்கு வந்தது. அமெரிக்காவில் காலடி வைத்து 14 வருடம்.

அறிவு போதாமல் அவருக்குத் தாமதம் ஆகவில்லை. கெடுவுக்கும் பணத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது, அதில் விழுந்து எழுந்து வரவேண்டியிருந்தது. அந்த நான்கு வருட அனுமதி மட்டும் இல்லாதிருந்தால்? ஒரு விதி ஆளை வெளியே தள்ளவும் செய்யும், கதவைத் திறந்து வைக்கவும் செய்யும். பட்டியல் சாதி மாணவர்களுக்குப் பள்ளி இறுதிக்கு மேல் படிக்க இந்திய அரசின் உதவித்தொகை 1944இல் தொடங்கியபோது அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தார். ஆய்வு மாணவர்களுக்கென்று ராஜீவ் காந்தி தேசிய உதவித்தொகை வந்தது 2005-06இல். இந்த இரண்டுக்கும் நடுவில் அறுபது வருடம். அந்த அறுபது வருடமும் ஆய்வுக்கு வந்த நம் பிள்ளைகள், பெற்றவர்களின் கூலியிலும் கடனிலும் டியூசனிலும்தான் பெரும்பாலும் காலத்தை ஓட்டினார்கள்.

நான் அந்த அறுபது வருடத்துக் கடைசியில் படித்தவன். 1997இல் பதிவு செய்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது முக்கியமில்லை, எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான். நாடு முழுவதற்குமான விதி அப்போது கிடையாது. அவரவர் பல்கலைக்கழகத்துக்கு அவரவர் விதி. எனக்கு இருந்தது ஒரே ஒரு படிவம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு முன்னேற்ற அறிக்கை. நான் ஒரு பக்கம் எழுதுவேன். அடியில் நெறியாளர் ‘திருப்திகரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த ஒரு சொல்லுக்காக மாணவர்கள் செய்த வேலைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். நெறியாளர் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் எடுத்துவருவது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, விடைத்தாள் கூட்டிப்போடுவது. “கையெழுத்து வாங்கணும்னா வீட்டுப் பக்கம் போய்ட்டு வாப்பா” என்று சீனியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். எந்த விதியிலும் இல்லாத விதி இது. எங்க அப்பா பண்ணையத்தில் பார்த்த வேலைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டுக்கொண்டதுண்டு. அங்கே கூலி இருந்தது.

களப்பணிக்கு வருவோம். மொழியியல் மாணவருக்குக் களப்பணிதான் முன்னேற்றத்தின் முதல் அளவு. எத்தனை மணி நேரம் ஒலிப்பதிவு, எத்தனை சொல், எத்தனை வாக்கியம். என்னோடு படித்த ஒருவர் வேறொரு மலைக்குப் போய்ப் பதினைந்து நாளில் நாடாக்களை நிரப்பிக்கொண்டு வந்தார். எனக்கு மூன்று மாதம் ஆனது. காரணம் எந்தக் களப்பணிக் கையேட்டிலும் இல்லை. திண்ணையில் உட்காருவதற்கு முன்னால் என்னிடம் ஊர் கேட்டார்கள். ஊரைச் சொன்னதும் தெருவைக் கேட்டார்கள். மலையாளிகள் தங்களைக் கவுண்டர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். சாதி மலையேறாது, எழுபது வளைவில் எங்காவது மூச்சு வாங்கி நின்றுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கீழ்நாட்டு வட்டிக்காரனிடமும் மண்டி வியாபாரியிடமும் ஏமாந்த அந்தச் சனமே, கீழ்நாட்டுச் சேரிக்காரனைக் களத்துமேட்டில் உட்கார வைத்துத்தான் பேசியது. கதவு திறக்கிறவரை காத்திருந்தேன். அந்த மூன்று மாதத்தைப் படிவத்தில் எப்படி எழுதுவது? ‘தகவல் திரட்டலில் தாமதம்’ என்றுதான் எழுத முடிந்தது.

கதவு திறந்த பிறகும் மலையின் கடிகாரம் வேறு. பகலில் ஆள் கிடைக்காது, காட்டில் இருப்பார்கள். சாமை அறுப்பு, மிளகு பறிப்பு, பலாப்பழக் காலம் எதற்கும் பருவத் தேர்வு அட்டவணை தெரியாது. இருட்டிய பிறகு அடுப்பங்கரையில்தான் பேச்சு வரும். ஒரு ஆயா எனக்கு நிறையச் சொற்கள் கொடுத்தார். “இதெல்லாம் எழுதி என்ன பண்ணுவ?” என்று கேட்டார். “பட்டம் கொடுப்பாங்க ஆயா” என்றேன். “யாருக்கு?” என்றார். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. தகவல் கேட்டார். மொழியியலின் ஐம்பது வருட வரலாற்றை அந்த ஒரு சொல்லில் நிறுத்திக் கேட்க அவருக்கு முடிந்தது. நான் சேகரித்த சொற்பட்டியலின் படி ஒன்றை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தேன். எந்த விதியும் அதைக் கேட்கவில்லை, எந்த முன்னேற்ற அறிக்கையிலும் அதற்கு இடமில்லை.

2009இல் பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்டத்துக்குக் குறைந்தபட்சத் தரம் என்று நாடு முழுவதற்கும் விதி கொண்டுவந்தது. 2016இல் புது விதி. 2022இல் அதையும் மாற்றி இன்னொன்று. நுழைவுத் தேர்வு, பாடப் பயிற்சி, ஆய்வு ஆலோசனைக் குழு, பருவத்துக்கு ஒருமுறை அந்தக் குழுவின் முன்னால் ஆய்வு முன்னேற்றத்தை எடுத்துரைத்தல். இன்றுள்ள விதிப்படி குறைந்தது 12 மதிப்பீட்டுப் புள்ளிக்குப் பாடம் படித்து 55 சதவீதம் எடுக்க வேண்டும். குறைந்தது மூன்று வருடம், அதிகம் ஆறு வருடம். மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டு வருடம். மகப்பேறு விடுப்பு 240 நாள். 2009 விதி ஆய்வேட்டுக்கு முன் ஒரு கட்டுரையும், 2016 விதி ஒரு கட்டுரையோடு இரண்டு கருத்தரங்க உரைகளும் கேட்டன. 2022 விதி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது.

இதில் நல்லது இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஒரே ஒரு மனிதரின் கையெழுத்து என்ற இடத்தில் ஒரு குழு வந்தது. முன்னேற்றம் போதாது என்றால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், திருத்த வழி சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம் என்று 2016 விதி சொன்னது. எழுதப்பட்ட விதி நமக்கு ஆயுதம். எழுதப்படாத விதியில்தான் சாதி ஒளிந்துகொள்ளும்.

ஆனால் விதி எழுதப்பட்டால் மட்டும் போதாது, தெளிவாக எழுதப்பட வேண்டும் என்பதற்கு ஒரு உயிர் சாட்சி. சேலம் மாவட்டத்துச் செந்தில்குமார், பன்னியாண்டி சமூகத்தில் பிறந்து, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். 2008 பிப்ரவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். வினோத் பவராலா தலைமையில் பல்கலைக்கழகம் அமைத்த குழு, பாடப் பயிற்சி பற்றியும் நெறியாளர் ஒதுக்கீடு பற்றியும் அந்தத் துறையின் விதிகளில் தெளிவின்மையும் முரண்பாடும் இருந்ததைக் கண்டது. பன்றி வளர்க்கிற ஒரு குடும்பம் தன் வரலாற்றில் அதுவரை தொடாத படிப்பு வரைக்கும் ஒரு பிள்ளையை அனுப்பியது. அந்தப் பிள்ளைக்கு யார் நெறியாளர், எந்தப் பாடத்தை எப்போது தேற வேண்டும் என்று நிறுவனத்தால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. இங்கே முன்னேற்றம் போதாமல் போனது யாருக்கு? அதே பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தபோது அவருக்கு ஏழு மாத உதவித்தொகை வரவேண்டியிருந்தது. ரூபாய் 1,75,000. மாணவர் ஏழு மாதம் அறிக்கை கொடுக்காமல் இருந்தால் பதிவு இருக்குமா?

விதிகளின் இலக்கணத்தையே பாருங்கள் தோழர்களே. நமக்குத்தான் இலக்கணம் தெரியுமே. ‘ஆய்வாளர் செய்ய வேண்டும்’ என்று எழுவாய் மாணவராக இருக்கிற வாக்கியங்களில் நாள், மாதம், வருடம் துல்லியமாக இருக்கும். தவறினால் என்ன ஆகும் என்பதும் இருக்கும். ‘நிறுவனம் செய்ய வேண்டும்’ என்ற வாக்கியம் வருகிறபோது நாள் மங்கிப்போகும். ஆய்வேடு கொடுத்த ஆறு மாதத்துக்குள் மதிப்பீட்டை முடிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதியில் ஒரு வரி உண்டு. முடிக்காவிட்டால்? வாக்கியம் அங்கேயே நின்றுவிடும். மாணவர் தவறினால் பதிவு போகும். நிறுவனம் தவறினால் மாணவரின் காலம் போகும். இரண்டு தவறுக்கும் விலை கொடுக்கிறவர் ஒருவரே.

அமெரிக்காவின் மொழியியல் துறைகளிலும் கெடு உண்டு. இரண்டு வருடம் பாடம், தகுதிக் கட்டுரைகள், ஆய்வுத் திட்டத்தைக் குழு முன்னால் வைத்து வாதாடுவது, ஆண்டுதோறும் முன்னேற்ற மதிப்பீடு. ஆனால் அங்கே பல துறைகள் மாணவரைச் சேர்க்கும்போதே ஐந்து வருடத்துக்குப் படி தருவதாக எழுத்தில் உறுதி கொடுக்கின்றன. அதைப் போன்ற கடிகாரம் நமக்கும் வந்துவிட்டது. படிக்கு உறுதி வரவில்லை.

கொல்லிமலைப் பேச்சுக்கு இன்னொரு சிக்கல். 2013இல் மத்திய அரசு அழியும் நிலை மொழிகளைக் காக்கிற திட்டத்தை மைசூர் இந்திய மொழிகள் நடுவண் நிறுவனத்தின் வழியாகத் தொடங்கியது. 10,000 பேருக்குக் குறைவாகப் பேசுகிற மொழிகளுக்கானது அது. கொல்லிமலைப் பேச்சு கணக்கெடுப்பில் ‘தமிழ்’ என்ற பெரிய குடத்துக்குள் போய்விடுகிறது. அழியும் மொழி என்ற உதவியும் அதற்குக் கிடையாது, செந்தமிழ் என்ற மரியாதையும் கிடையாது. வந்து பார்க்கிற பலரும் அதில் சங்ககாலத்து எச்சம் ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறார்கள். ஓரி காலத்துச் சொல் கிடைத்தால் சந்தோசம். இன்றைக்குப் பேசுகிற பெண் மரவள்ளி விலையைப் பற்றி என்ன சொல்கிறாள் என்பது எந்த அத்தியாயத்திலும் வராது. இதைச் செய்யக்கூடியவர் அந்த மலையிலேயே பிறந்த ஆய்வாளர். அவருக்குத் தகவலாளியைத் தேட மூன்று மாதம் வேண்டாம். அவர் வீட்டு அடுப்பங்கரையே களம். ஆனால் அந்த அறிவுக்கு 12 புள்ளியில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஆகவே கெடுவே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கெடு இல்லாத காலத்தில் பத்து வருடம், பதினைந்து வருடம் என்று நம் பிள்ளைகளைக் கொத்தடிமையாக வைத்திருந்ததைப் பார்த்தவன் நான். கேட்பது இதுதான்: முன்னேற்ற அறிக்கையில் இரண்டு பத்தி வேண்டும். இடப்பக்கம் மாணவர் என்ன செய்தார். வலப்பக்கம் பல்கலைக்கழகம் என்ன செய்தது. நெறியாளரை எந்தத் தேதியில் ஒதுக்கியது, இந்த ஆறு மாதத்தில் அவர் எத்தனை முறை மாணவரைச் சந்தித்தார், கொடுத்த அத்தியாயத்தை எத்தனை நாளில் திருப்பினார், உதவித்தொகை எந்த மாதம் வரை பட்டுவாடா ஆனது. வலப்பக்கத்துத் தாமதம் எத்தனை நாளோ அத்தனை நாளும் ஆறு வருடக் கணக்கிலிருந்து தானாகக் கழிய வேண்டும். மாணவர் மனுப் போட்டுக் கெஞ்சக் கூடாது. வலப்பக்கத்தில் மாணவரும் கையெழுத்துப் போட வேண்டும். மொழியியலுக்கு இன்னும் ஒன்று: யாருடைய பேச்சை வைத்துப் பட்டம் வாங்குகிறோமோ அந்த ஊருக்கு, அவர்கள் படிக்கிற தமிழில், ஒரு படி போய்ச் சேர்ந்ததா என்பதும் முன்னேற்றத்தின் அளவாக வேண்டும்.

லண்டனில் ஒரு நான்கு வருட அனுமதி அம்பேத்கரைத் திரும்ப வரவைத்தது. 2009, 2016, 2022 என்று பதின்மூன்று வருடத்தில் மூன்று முறை விதியைத் திருத்த முடிந்தவர்களுக்கு இந்த வலப்பக்கப் பத்தியைச் சேர்க்க எத்தனை மாதம் வேண்டும்? கெடுவை அவர்களே சொல்லட்டும். ‘திருப்திகரம்’ என்று எழுதுவதா வேண்டாமா என்பதை இந்தத் தடவை நாம் முடிவு செய்வோம்.